வேட்டைப் பை முதலில் எங்கே இற்றுப்போகிறது: ஒரு கான்வாஸ் பையின் நிகழ்வு ஆய்வு

கான்வாஸ் பை வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, துணி எத்தனை அவுன்ஸ், அதாவது ஒரு சதுர கஜத் துணியின் எடை எவ்வளவு என்பதுதான். 15, 18, 22 என்று எண் ஏற ஏற விலையும் ஏறும், நம்பிக்கையும் ஏறும். ஆனால் பழுதுக்கு வரும் பைகளைத் தையல் பிரித்துப் பார்த்தால் வேறு கதை தெரியும். துணி தேய்ந்து ஓட்டை விழுந்து வருகிற பை அபூர்வம். வார் பிடித்திருக்கும் இடத்தில் நூல் விட்டிருக்கும். ரிவெட் என்ற உலோகக் குமிழாணியைச் சுற்றித் துணி இற்றிருக்கும். மூடி மடியும் கோட்டில், துணிகளுக்கு நடுவே பூசிய ரப்பர் வெடித்திருக்கும். இல்லையென்றால் ஈரத்தோடு அலமாரிக்குள் போன பையைப் பூசணம் தின்றிருக்கும். இந்த நான்கையும் ஒன்றாகக் காட்டிய ஒரு பையைப் பற்றியது இந்த ஆய்வு.

பை இங்கிலாந்தில் தைத்தது. ஃபெசன்ட் என்ற பறவையின் வேட்டைக்கென்றே செய்யப்படும் பழைய வகை. ஆலிவ் பச்சைக் கான்வாஸ், முன்பக்கம் வலை, கழற்றிக் கழுவக்கூடிய உள்பை, அகலமான மூடி, தோல் வார், பித்தளைப் பக்கிள். பழைய பொருள் விற்கும் இடத்தில் நண்பர் ஒருவர் வாங்கி, டிராப் பயிற்சிக்குத் தோட்டா சுமக்க வைத்துக்கொண்டார். டிராப் என்பது காற்றில் வீசப்படும் களிமண் தட்டுகளை ஷாட்கன்னால் சுடும் விளையாட்டு. ஒரு மழைக்காலம் முழுக்கப் பை அலமாரியில் கிடந்தது. அடுத்த முறை தோளில் மாட்டியபோது வாரின் ஒரு முனை கையோடு வந்துவிட்டது. அப்படித்தான் பை பழுதுக்கு என் மேசைக்கு வந்தது.

அந்தப் பை எதற்குச் செய்யப்பட்டது என்பதைப் பார்த்துவிட்டுப் பழுதுக்கு வரலாம். இங்கிலாந்தில் ஃபெசன்ட் பருவம் அக்டோபர் 1-இல் தொடங்கி பிப்ரவரி 1-இல் முடிகிறது. அந்த ஊரின் மழையும் சேறும் மொத்தமாக அதற்குள் அடங்கிவிடும். ஃபெசன்ட் சேவல் ஒன்று சுமார் ஒன்றரைக் கிலோ. நாலைந்து பறவை சேர்ந்தால் தோளில் ஆறேழு கிலோ. முன்பக்க வலை அழகுக்கு வைத்ததில்லை. சுட்ட பறவையின் உடம்புச் சூடு இறங்காமல் மூடிய பைக்குள் திணித்தால் இறைச்சி கெட்டுப்போகும், காற்றோட்டத்துக்காகத்தான் அந்த வலை. உள்பை கழற்றும்படி இருப்பது இரத்தத்தைக் கழுவ. ஆக இந்தப் பை நனையும், சேறாகும், இரத்தம் படும், மறுநாள் காயப்போடப்படும் என்ற கணக்கில் செய்யப்பட்டது. இதில் ‘காயப்போடப்படும்’ என்ற வார்த்தையில்தான் அதன் ஆயுள் இருக்கிறது.

இந்தியாவில் இன்று 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொழுதுபோக்கு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. நம் பக்கம் இப்படிப்பட்ட பை யாரிடமாவது இருந்தால் அது ரைபிள் கிளப்புக்கோ டிராப் மைதானத்துக்கோ போகும் பை. புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் சுட்ட பிறகு இந்த விளையாட்டு இங்கே இன்னும் பலருக்குத் தெரிந்திருக்கிறது. அதில் தகுதிச் சுற்று 125 தட்டுகள். ஒரு தட்டுக்கு இரண்டு முறை சுடலாம். 25 தோட்டா கொண்ட ஒரு பெட்டி ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். பயிற்சி நாளில் ஐந்து பெட்டியாவது பைக்குள் போகும். பறவைச் சுமைக்கும் தோட்டாச் சுமைக்கும் எடையில் பெரிய வித்தியாசம் இல்லை, தன்மையில்தான் வித்தியாசம். பறவை மெத்தென்று பையோடு படிந்து கிடக்கும். தோட்டாப் பெட்டி விறைப்பாக அடிமூலையில் இடித்துக்கொண்டே வரும், ஒவ்வொரு அடிக்கும் வாரைச் சுண்டி இழுக்கும்.

வார் பிடிக்கும் இடம்

கையோடு வந்த முனையிலிருந்து தொடங்கினேன். வாரை டி வடிவ வளையம் ஒன்று பிடிக்கிறது. அந்த வளையத்தை ஒரு தோல் துண்டு பிடிக்கிறது. தோல் துண்டு கான்வாஸின் மேல் சதுரமாகத் தைக்கப்பட்டு, நடுவில் ஒரு ரிவெட் அடிக்கப்பட்டிருந்தது. தோல் நன்றாகவே இருந்தது. வளைத்தால் வெடிக்கவில்லை, மேற்பரப்பில் பொடி உதிரவில்லை. வெளிப்பக்கக் கான்வாஸும் உறுதிதான். பிழை உள்ளே இருந்தது. தையலின் உள்பக்க நூலை நகத்தால் நெருடியதும் பழுப்புப் பொடியாகக் கொட்டியது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அறுந்த முனைகளில் பிசிறே இல்லை. இழுத்து அறுந்த பருத்தி நூலில் இழைகள் நீண்டு பிரிந்து தொங்கும். இங்கே எல்லா முனையும் மொட்டையாக, குச்சி ஒடிந்ததுபோல் இருந்தது. சுமை அதிகமாகி அறுந்த நூல் இல்லை அது. ஏற்கெனவே செத்துப்போன நூல், கடைசி இழுப்பில் விட்டுவிட்டது.

ரிவெட்டின் கதை இன்னும் மோசம். வெளித்தலை பித்தளை நிறத்தில் பளபளவென்று இருந்தது. உள்தலை துரு. அது முலாம் பூசிய இரும்பு. அதைச் சுற்றிக் கட்டைவிரல் நக அளவுக்கு ஒரு செம்பழுப்பு வட்டம். அந்த வட்டத்துக்குள் துணியைக் குண்டூசியால் தொட்டால் நொறுங்கியது. வட்டத்துக்கு வெளியே, ஒரு விரல் தள்ளி, இரண்டு கையாலும் இழுத்தும் கிழிக்க முடியவில்லை. துரு துணியில் கறை மட்டும் ஏற்படுத்துவதில்லை. ஈரம் இருக்கும்போது இரும்பு அயனிகள் செல்லுலோஸ் ஆக்சிஜனேற்றம் அடைவதை முடுக்கிவிடும், நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் துண்டு துண்டாகும். பழைய சட்டையில் இரும்புப் பொத்தான் இருந்த இடம் மட்டும் ஓட்டையாவதும் இதனால்தான். சிறு ரிவெட் ஒன்றில் மிச்சம் பிடித்தது முழுப் பையின் தோளையே வாங்கிவிட்டது.

கடையில் இதைக் கண்டுபிடிப்பது எளிது, சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம் இருந்தால் போதும். பித்தளையில் ஒட்டாது, இரும்பில் ஒட்டும். துணி எத்தனை அவுன்ஸ் என்று கேட்பதற்கு முன்னால் நான் செய்யும் சோதனை இது.

பித்தளைக்கும் ஒரு நோய் உண்டு. இந்தப் பையின் பக்கிளுக்குக் கீழே, தோல் தொடும் இடத்தில், பச்சையாக மெழுகுபோல் களிம்பு திரண்டிருந்தது. தோலுக்குப் போடும் எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலமும் பித்தளையில் உள்ள செம்பும் சேர்ந்து உண்டாவது. நம் வீட்டுப் பழக்கத்தில் கை உடனே புளியைத் தேடும். அதை மட்டும் செய்ய வேண்டாம். புளி பாத்திரத்துக்குச் சரி. இங்கே அமிலம் தோலுக்குள்ளும் தையலுக்குள்ளும் இறங்கிவிடும். பல்குச்சியால் சுரண்டி, உலர்ந்த துணியால் துடைத்தால் போய்விடும். அப்புறம் தோலுக்கு எண்ணெய் போடுவதைக் குறைக்க வேண்டும். தோல் பையைப் பாசத்தோடு பராமரிப்பவர்கள்தான் பெரும்பாலும் எண்ணெயை அதிகமாகப் போடுகிறார்கள். மிஞ்சிய எண்ணெய் பக்கத்திலுள்ள கான்வாஸில் ஊறித் தூசியைப் பிடித்துவைக்கும்.

துணி

துணியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தப் பையில் அது மட்டும்தான் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது.

அவுன்ஸ் கணக்கே குழப்பமானது. அமெரிக்காவில் கனமான கான்வாஸை எண் வைத்து அழைப்பார்கள். 22 அங்குல அகலம், 36 அங்குல நீளமுள்ள துண்டு எத்தனை அவுன்ஸ் என்று நிறுத்து, அதை 19-இலிருந்து கழிப்பார்கள். பத்தாம் எண் என்றால் அந்தத் துண்டு 9 அவுன்ஸ். சதுர கஜத்துக்கு ஏறக்குறைய 14.75 அவுன்ஸ், நம் கணக்கில் சதுர மீட்டருக்கு 500 கிராம். எட்டாம் எண் சதுர கஜத்துக்கு 18 அவுன்ஸ். ஆக எண் ஏறினால் துணி மெலிகிறது, அவுன்ஸ் ஏறினால் கனக்கிறது. இதற்கு மேல், தண்ணீர் இறங்காமல் இருக்க மெழுகு ஏற்றிய பிறகு நிறுத்த எடையைச் சொல்பவர்களும் உண்டு, அதற்கு முந்தைய எடையைச் சொல்பவர்களும் உண்டு. இரண்டு பையின் அவுன்ஸை ஒப்பிடும்போது எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று தெரியாமலே ஒப்பிடுகிறோம்.

அதைவிட முக்கியம் நூலின் முறுக்கும் நெசவின் நெருக்கமும். பாவிலும் ஊடையிலும் இரட்டைப்புரி நூல் போட்டு நெருக்கி நெய்த 15 அவுன்ஸ் துணி, ஒற்றைப்புரியில் தளர்வாக நெய்த 18 அவுன்ஸை எளிதாகத் தாண்டி உழைக்கும். கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் வரிசையாகத் தெரிந்தால் அவுன்ஸ் எவ்வளவு சொன்னாலும் அது தளர்ந்த நெசவு.

பருத்திக்கு ஒரு அருமையான குணம் இருக்கிறது. நனைந்தால் அதன் வலு குறையாது, கூடும். இழை தண்ணீரைக் குடித்துப் பருத்து, நெசவின் இடைவெளியை அதுவே அடைத்துக்கொள்ளும். இரண்டாம் உலகப் போரின்போது மான்செஸ்டரின் ஷெர்லி இன்ஸ்டிட்யூட்டில் விமானிகளுக்காக வென்டைல் என்ற துணியை உருவாக்கியவர்கள் இந்தக் குணத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். எந்த ரப்பரும் இல்லாமல், நீண்ட இழைப் பருத்தியை மிக நெருக்கி நெய்தே தண்ணீரைத் தடுத்தார்கள். ஆகவே மழையில் நனைவது கான்வாஸுக்குப் பகை இல்லை. நனைந்தது காயாமல் கிடப்பதுதான் பகை.

மூடியின் மடிப்பு

கான்வாஸ் வேட்டைப் பையில் இரண்டு மரபுகள் உண்டு. அமெரிக்க மரபில் ஒரே அடுக்குக் கனத்த துணி, பெரும்பாலும் மெழுகு. மினசோட்டாவின் டுலூத் ஊரில் கமில் பொய்ரியே 1882-இல் காப்புரிமை பெற்ற முதுகுப்பை அந்த வழியில் வந்தது. 1897-இல் சியாட்டிலில், தங்கம் தேடி க்ளோண்டைக் போகிறவர்களுக்கு ஆடையும் சாமானும் விற்கத் தொடங்கிய ஃபில்சனின் பைகளும் அப்படித்தான். இங்கிலாந்து மரபில் மூன்று அடுக்கு: வெளியே பருத்தி, நடுவே ரப்பர், உள்ளே மெல்லிய பருத்தி. பர்மிங்காமில் 1887-இல் தொடங்கிய பிரேடியின் பைகள் இந்த வகைக்குப் பேர்போனவை. என் மேசையில் இருந்ததும் அதே வகையில் வேறு யாரோ தைத்தது.

அந்த நடு அடுக்கின் கதை கிளாஸ்கோவில் தொடங்குகிறது. சார்லஸ் மெக்கின்டாஷ், நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த நாஃப்தாவில் ரப்பரைக் கரைத்து இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி 1823-இல் காப்புரிமை வாங்கினார். வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும், அதுதான் அதன் தொல்லை. 1840-களில் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயரும் இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக்கும் கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகு அது தீர்ந்தது. தீராமல் போனது ஒன்று: இயற்கை ரப்பருக்கு மூப்பு உண்டு. இழுபட்ட நிலையில் காற்றிலுள்ள ஓசோன் பட்டால், இழுப்புக்குக் குறுக்காக அது வெடிக்கும். பையில் எப்போதும் இழுபட்டே இருக்கும் இடம் எது? மூடி மடியும் கோடு. மடித்தபடியே பக்கிளைப் பூட்டி ஆண்டுக்கணக்கில் வைத்தால், வெடிப்பு வேறெங்கும் வராமல் அங்கே மட்டும் வரும்.

இந்தப் பையில் அப்படியே வந்திருந்தது. வெளிப்பக்கம் ஒன்றும் தெரியாது. மூடியைப் பின்னால் வளைத்து உள்துணியைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தபோது, மடிப்போடு சேர்ந்து ரப்பர் பல்பல்லாகப் பிளந்திருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். வெளித்துணி சிறிது நேரம் தாங்கியது, அப்புறம் உள்ளே கசிந்தது.

மூடியின் வலது ஓரத்தில் இன்னொரு குறியும் இருந்தது. கையகல இடத்தில் துணி லேசாக உப்பியிருந்தது, அழுத்தினால் அடுக்கு தனித்தனியாக நழுவியது. மோந்து பார்த்தால் துப்பாக்கி எண்ணெய். எண்ணெய்த் துணியும் சின்ன எண்ணெய்க் குப்பியும் வைக்கும் பக்கம் அது. கனிம எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிவிடும், பருத்தியோடு இருந்த பிடிப்பு விட்டுப்போகும். சுடுகிறவர்களின் பைக்கே உரிய நோய் இது. மீன்பிடிப் பையிலோ கேமராப் பையிலோ வராது. துப்பாக்கி எண்ணெய் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால் ஒரு சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள். மெழுகுக் கான்வாஸிலும் எண்ணெய் கெடுதல்தான், மெழுகைக் கரைத்து இளக்கிவிடும்.

மெழுகுப் பைக்கு நம் ஊரில் வேறொரு சிக்கல் இருக்கிறது. பாரஃபின் மெழுகு பொதுவாக 50-இலிருந்து 65 டிகிரி செல்சியஸுக்குள் உருகும். சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே அந்தச் சூடு சாதாரணம். மெழுகு இளகிக் கீழ்ப்பக்கம் இறங்கி, மேல்பக்கம் வறண்டுபோகும். அதைக் காரிலேயே விடாமல் எடுத்து வருவதைத் தவிர வழி இல்லை.

உள்ளே பூசணம்

இனி பையின் அடிப்பக்கம். உள்துணியின் அடியில் கரும்புள்ளிகள் கொத்துக் கொத்தாக இருந்தன. மூலையில் ஒரு இடத்தில் மட்டும் கறையே இல்லாமல் துணி வெளிறி, விரல் பட்டதும் ஈரக் காகிதம்போல் கிழிந்தது. இந்த இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்க ஒரு பழைய போர்க்களத்துக்குப் போக வேண்டும்.

1943 நவம்பர் 1-இல் அமெரிக்கப் படைகள் சாலமன் தீவுகளில் உள்ள போகன்வில் தீவில் இறங்கின. அந்த வெப்பத்திலும் ஈரத்திலும் பருத்தியில் செய்த கூடாரம், வார், உறை எல்லாம் கண்ணெதிரே மக்கிப்போயின. ராணுவத்தின் தளவாடப் பிரிவான குவார்ட்டர்மாஸ்டர் கோர், வெப்பமண்டலத்தில் பொருள்கள் அழிவதை ஆராயவே ஒரு கூடம் அமைத்து, மக்கிய பொருள்களிலிருந்து பூஞ்சைகளைச் சேகரித்தது. 1944-இல் போகன்வில்லின் ஒரு கூடாரக் கான்வாஸிலிருந்து எடுத்த பூஞ்சைக்குக் கியூஎம் 6ஏ என்று எண் கொடுத்தார்கள். பருத்தியைத் தின்பதில் அதற்கு ஈடில்லை என்று தெரியவந்தது. பின்னாளில் மாசசூசெட்ஸின் நேட்டிக் ஆய்வுக்கூடத்தில் எல்வின் ரீஸும் மேரி மாண்டெல்ஸும் அதை வருடக்கணக்கில் ஆராய்ந்தார்கள். முதலில் அதை ட்ரைக்கோடெர்மா விரிடி என்றே நினைத்தார்கள். 1977-இல்தான் தனி இனம் என்று கண்டு, ரீஸைக் கௌரவித்து ட்ரைக்கோடெர்மா ரீசி என்று பெயர் வைத்தார்கள். விரிடி நம் விவசாயிகளுக்குப் பழக்கமான பெயர். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்று விதை நேர்த்திக்குக் கலக்கிறார்களே, அதே இனம்தான். ரீசியின் நொதிகள் இன்று ஜீன்ஸ் துணியை மென்மையாக்கவும், பயிர்க் கழிவிலிருந்து எத்தனால் எடுக்கவும் பயன்படுகின்றன. கூடாரத்தைத் தின்ற அந்த ஒரே மாதிரியின் வழிவந்தவைதான் தொழிற்சாலைகளில் ஓடும் ரீசி வகைகள்.

பை வைத்திருப்பவருக்கு இதில் என்ன பயன் என்றால், அந்தப் பூஞ்சை எப்படித் தின்கிறது என்பது தெளிவாகிறது. அது செல்லுலேஸ் என்ற நொதிக் கூட்டத்தை வெளியே சுரக்கிறது. ஒரு வகை நொதி செல்லுலோஸ் சங்கிலியை நடுவில் வெட்டும், இன்னொரு வகை வெட்டிய முனைகளிலிருந்து கடித்துக்கொண்டே போகும், கடைசியில் மிஞ்சுவது குளுக்கோஸ். நடுவில் விழும் வெட்டுதான் ஆபத்து. எடை குறைவதற்கு முன்பே, நிறம் மாறுவதற்கு முன்பே வலு போய்விடும். கரும்புள்ளி விழுந்த இடமெல்லாம் அப்படித் தின்னப்பட்ட இடம் இல்லை. பல பூஞ்சைகள் துணியின் மேலுள்ள அழுக்கையும், நெசவின்போது பாவுக்குப் போட்ட கஞ்சியையும் தின்றுவிட்டுக் கறையை மட்டும் விட்டுப்போகும். என் மேசையில் இருந்த பையிலும் கரும்புள்ளி உள்ள இடம் இழுத்தால் தாங்கியது. கறையில்லாமல் வெளிறிய மூலைதான் கிழிந்தது. ஆகவே கண்ணை நம்பாமல் கையை நம்ப வேண்டும். சந்தேகமான இடத்தை இரண்டு கட்டைவிரலுக்கு நடுவே பிடித்து, ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் தள்ளிப் பாருங்கள். நல்ல கான்வாஸ் நகராது. இற்ற துணியில் ‘சர்’ என்று சின்னச் சத்தம் கேட்கும்.

அந்த மூலை ஏன்? உள்பையில் பறவை இரத்தம் பல காலம் கசிந்து இறங்கிய இடம் அதுதான். இரத்தத்தில் உப்பு உண்டு, உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துவைக்கும். புரதம் பூஞ்சைக்குத் தழைச்சத்து. செல்லுலோஸ் சர்க்கரைச் சங்கிலிதான், அதில் தழைச்சத்து இல்லை. வெறும் பருத்தியில் பூஞ்சை தவிக்கும், இரத்தம் பட்ட பருத்தியில் கொழிக்கும். இங்கிலாந்தின் குளிரில் மெதுவாக நடந்த வேலையை இங்கே வடகிழக்குப் பருவமழையும் மூடிய அலமாரியும் ஒரே பருவத்தில் முடித்துவிட்டன.

பூசணத்தைத் தடுக்க ராணுவக் கான்வாஸுக்குச் செம்புச் சேர்மங்களை ஏற்றினார்கள். காப்பர் நாஃப்தினேட் அதில் முக்கியமானது, துணிக்குப் பச்சை நிறமும் கொடுக்கும். அதையே நம் பைக்கும் பூசிவிடலாமா என்றால், மூன்றடுக்குப் பைக்குக் கூடவே கூடாது. செம்பு இயற்கை ரப்பரின் மூப்பை முடுக்கிவிடும், பருத்தி பிழைக்கும், ரப்பர் போய்விடும். ஒற்றை அடுக்குக் கான்வாஸுக்கும் இறைச்சியோ தின்பண்டமோ படாத பை என்றால் மட்டும். பிளீச் எதற்குமே வேண்டாம்: கறை வெளுக்கும், நூலும் கூடவே போகும். நாஃப்தலீன் உருண்டை பூச்சிக்கானது, பூசணத்துக்கு இல்லை. பையை வெளியில் உதறி, உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, காற்றோட்டமான நிழலில் திறந்தபடி தொங்கவிட்டு முழுக்கக் காயவைப்பதுதான் வேலை. சிறிது நேரம் வெயில் காட்டலாம். நாள்கணக்கில் வெயிலில் விட்டால் புற ஊதாக் கதிர் தன் பங்குக்குப் பருத்தியைப் பலவீனப்படுத்தும்.

இந்த இடத்தில் நைலான் வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லையே என்று பலர் சொல்வார்கள். உண்மைதான், நைலானைப் பூஞ்சை தின்பதில்லை, உரசலையும் அது அதிகம் தாங்கும். ஆனால் நைலான் பையின் உள்ளே பூசியிருக்கும் பாலியூரித்தேன் ஈரச் சூட்டில் தானே சிதையும். அலமாரியில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்ட ரெயின்கோட்டைப் பார்க்காத சென்னைக்காரர் இருக்க முடியாது. அது போனால் பழுது பார்க்க வழி இல்லை. கான்வாஸை மறுபடி மறுபடி பிரித்துத் தைக்கலாம். வேட்டைக்காரர்கள் கான்வாஸை விடாததற்கு இன்னொரு காரணம் சத்தம்: புதரில் உரசினால் நைலான் சரசரக்கும், கான்வாஸ் பேசாது.

பழுது பார்த்த விதம்

துரு வட்டத்தை இரக்கம் பார்க்காமல் வெட்டி எடுத்தேன். துருப்பிடித்த துணியின் மேல் ஒட்டுப் போட்டால் ஒட்டும் இற்றுவிடும். உள்பக்கம் பழைய தையல் பரப்பைவிட ஒரு அங்குலம் எல்லாப் பக்கமும் அதிகமாக ஒரு பத்தாம் எண் கான்வாஸ் துண்டு வைத்து, சுமை ஒரே இடத்தில் நிற்காமல் பரவும்படி தைத்தேன். ரிவெட்டுக்குப் பதில் முழுப் பித்தளை, இரண்டு பக்கமும் தோல் வாஷர்.

நூல் தேர்வில் கொஞ்சம் விவரம் இருக்கிறது. கான்வாஸோடு கான்வாஸ் சேரும் தையலுக்கு, உள்ளே பாலியஸ்டர், மேலே பருத்தி சுற்றிய நூல். பாலியஸ்டர் மக்காது, சுமையைத் தாங்கும். பருத்தி நனைந்ததும் பருத்து ஊசித் துளையை அடைக்கும். மூன்றடுக்குப் பையில் தண்ணீர் பெரும்பாலும் வருவதே ஊசித் துளை வழியாகத்தான், எனவே அந்தப் பருத்தி உறை அவசியம். தோலோடு சேரும் இடத்துக்கு மெழுகு பூசிய பாலியஸ்டர் நூல், இரண்டு ஊசியால் கைத்தையல். மெஷின் தையலில் மேல்நூலும் அடிநூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டு நிற்கும், ஓரிடத்தில் விட்டால் பக்கத்துத் தையலும் தளரும். இரண்டு ஊசித் தையலில் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்ற நூல் அதே துளையில் பிடித்துக்கொள்ளும். தையலை நெருக்கினால் வலு கூடும் என்று நினைப்பது தோலில் தவறு. துளைகள் நெருங்கினால் தோல் அந்தக் கோட்டோடு கிழியும், தபால்தலை கிழிவதுபோல. நான் ஒரு அங்குலத்துக்கு ஆறு கண்ணிக்கு மேல் போகவில்லை.

அடிமூலைகளில் மட்டும் துணி உண்மையிலேயே தேய்ந்திருந்தது. தோட்டாப் பெட்டியின் முனை உள்ளிருந்தும், தரை வெளியிலிருந்தும் உரசிய இடம். வெளியே தோல் மூலை வைத்தேன். உள்ளே அடிப்பரப்புக்குச் சரியாக ஒரு கனத்த ஃபெல்ட் துண்டு, எடுத்து உதறும்படி தைக்காமல் விட்டேன். மணலும் வெடிமருந்துத் தூளும் அதில் தங்கும், கான்வாஸின் நெசவுக்குள் போகாது. தோட்டாப் பையின் தூளில் ஈயம் இருக்கும். உள்துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது, அந்தப் பையில் சாப்பாடு வைக்கவே கூடாது. நண்பரிடம் இதை இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன், சின்னப் பிள்ளை இருக்கும் வீடு.

உள்பையைப் பழுது பார்க்கவில்லை, கழற்றி எறியச் சொன்னேன். மூடியின் மடிப்பில் வெடித்த ரப்பருக்கும் மருந்து இல்லை. இரண்டு துணிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட அடுக்கைப் பிரிக்காமல் அங்கே புதிதாகப் பூச முடியாது, பிரித்தால் பழைய பிடிப்பு மறுபடி வராது. மடிப்பின் மேல் வெளிப்பக்கம் மெழுகு தேய்த்து, சூடு காட்டி இறக்கினேன். தூறலுக்குத் தாங்கும், பெருமழைக்குத் தாங்காது. இனி பையை வைக்கும்போது பக்கிளைக் கழற்றி, மூடியைத் திறந்து பின்னால் போட்டு, வாரில் தொங்கவிடாமல், பையின் உடம்பைத் தாங்கும் ஒரு பலகையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். இடது பக்க டி வளையத்தின் ரிவெட்டும் இரும்புதான். அதில் துரு இன்னும் துணிக்குள் இறங்கவில்லை. அடுத்த மழைக்காலத்துக்கு முன் அதையும் மாற்ற வேண்டும்.